புகை தெரிந்தவள்

வர்தென்யாட்ஸ் கணவாய்க்கு இன்னும் ஒன்பது வளைவு.
டிரெய்லரில் பதினான்கு தேன்பெட்டிகள்,
வாசல்களில் கம்பிவலை அடித்து.
என் பழைய நீவாவின் பானெட் இடுக்கில்
முதலில் ஒரு நூல்.
பிறகு இரண்டு.
அப்புறம் சாலையே தெரியவில்லை.

சரளை ஓரமாய் ஒதுக்கி இன்ஜினை அணைத்தேன்.
கைப்பிரேக்கை நம்ப முடியாது;
சக்கரத்துக்கு ஒரு கல்.

இருபத்திரண்டு வருடமாய்ப் புகைதான் என் பிழைப்பு.
காய்ந்த சாணி, சாக்குத் துணி, பைன் ஊசி,
எது தேனீயைத் தணிக்கும், எது வெறியேற்றும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
முதல் ஊதல் எப்போதும் என் புறங்கையில்;
சுடாவிட்டால்தான் கூட்டுக்குள்.

அதே புறங்கை இப்போது பானெட்டின் மேல்.
தகரம் சூடு. பெயின்ட் கொப்புளிக்கவில்லை.
உள்ளே தீ இருக்காது.
ஆனாலும் ஒரு விரலளவே தூக்கினேன்;
தீ இருந்தால்
அது காற்றுக்குத்தான் காத்திருக்கும்.

மோந்தேன்.
இனித்தால் கூலன்ட் என்பார்கள்.
இனித்தது.
ஆனால் விடியலிலிருந்து எனக்கு எல்லாமே இனிக்கிறது,
விரல், ஸ்டியரிங், ரொட்டி.
மூக்கை விட்டு முள்ளைக் கேட்டேன்.
தொண்ணூறில் சமர்த்தாய் நின்றிருந்தது.
கருகிய பிளாஸ்டிக் வாடை இல்லை, வயர் பிழைத்தது.
நீராவி என்றால் அவசரமாய் எழுந்து கரைந்துவிடும்.
இதற்கு அவசரமே இல்லை.
நீலம். எண்ணெய்ச் சட்டி நீலம்.

அதற்குள் ஒரு ஈரானிய லாரி நின்றது.
பஹ்மன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்,
ஐந்து லிட்டர் தண்ணீரோடு வந்தார்,
நேரே ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார்.
அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டேன்.
எங்களுக்குப் பொதுவாய் ஒரு மொழியும் இல்லை.
என் முழங்கையின் பழைய தழும்பைக் காட்டினேன்.
புரிந்தது. தண்ணீரைத் தானே குடித்தார்.

நெருப்பில்லாமல் புகையாது என்பது சரி,
யார் வைத்த நெருப்பு என்பதில்தான் சண்டை.
நான் முதலில் செரோபைத் திட்டினேன்,
போன மாதம் கேஸ்கெட் மாற்றிக் காசு வாங்கியவன்.
பிறகு இந்த வண்டியைச் செய்த நாட்டை;
அது இப்போது வரைபடத்திலேயே இல்லை,
திட்டினால் யார் வாங்கிக்கொள்வது?
பிறகு மலையை.

பஹ்மன் டார்ச் அடித்தார்.
எக்ஸாஸ்ட் குழாயின் தோளில்
எண்ணெய் சொட்டிச் சொட்டிப் பொரிந்துகொண்டிருந்தது.
சொட்டின் தடத்தில் விளக்கை மேலேற்றினோம்.
இன்ஜின் தலையில் ஒரு வட்ட ஓட்டை,
வாய் திறந்தபடி.
ஆயில் ஊற்றும் ஓட்டை.

மூடி எங்கும் போகவில்லை.
பேட்டரி மேல் பத்திரமாய்க் குந்தியிருந்தது,
விடிகாலை நான்கு மணிக்கு
கொஹாரோடு போனில் பேசிக்கொண்டே
நானே எடுத்து நானே வைத்த இடத்தில்.

பஹ்மன் சிரிக்கவில்லை. மரியாதையான மனிதர்.
லாரிக்குப் போனபின் சிரித்திருப்பார்.

அளவுக் கம்பியைத் துடைத்து விட்டு எடுத்தேன்:
கீழ்க்கோட்டுக்கும் கீழே.
ஊற்றினேன். மூடினேன்.
மூடியதை மூன்று முறை தொட்டுப் பார்த்தேன்.
பொரிந்தது தீரட்டும் என்று உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பின்னால் கேட்டது.
பதினான்கு பெட்டியிலும் இரைச்சல் இறங்கியிருந்தது,
கனமாய், வாய் நிறைய வைத்துக்கொண்டு முனகுவதுபோல்.
சாலைப் புகை அவர்களையும் எட்டியிருந்தது.
காடு எரிகிறது என்று முடிவு கட்டி,
தப்பிக்கும் வழிக்கு
வயிறு முட்டத் தேன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறுகிறது. கிளம்ப வேண்டும்.
ஒன்றுமில்லை, ஒரு மூடிதான் என்று
அவ்வளவு பேருக்கும் எப்படிச் சொல்வது?
சக்கரத்துக் கல்லை எடுத்தேன்.
மேலே போய்த்தான் வலையைக் கழற்ற முடியும்.
எரியாத காட்டிலிருந்து தப்பியவர்களை,
ஒன்பது வளைவுக்கு அப்பால்,
பூத்த காட்டுத் தைம் நடுவே.